மச்சான், சேக்காளி, பெஸ்டி: நட்பின் பேச்சுவழக்குச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவரை 'என் நண்பர்' என்று சொன்னால் அவர் நமக்கு எவ்வளவு நெருக்கம் என்று கேட்பவருக்குத் தெரியாது. 'மச்சான்' என்றோ 'சேக்காளி' என்றோ 'சும்மா தெரிஞ்ச பையன்' என்றோ சொன்னால் உடனே தெரிந்துவிடும். தமிழ்ப் பேச்சில் நட்புக்கு வழங்கும் சொற்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே இருக்கின்றன. இவற்றைக் கொச்சை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யாருக்கு யாரிடம் எவ்வளவு உரிமை என்பதை அகராதிச் சொற்களைவிட இந்தச் சொற்கள்தான் சரியாகச் சொல்கின்றன.

நண்பன் என்று ஒரு நல்ல சொல் இருக்கும்போது வேறு சொற்கள் எதற்கு?

நண்பன் எழுத்துக்கு ஏற்ற சொல். வாயில் அது அவ்வளவாகப் புழங்குவதில்லை. வீட்டில் அறிமுகப்படுத்தும்போது 'இவன் என் ஃப்ரண்டு' என்கிறோம். 'நண்பர் ஒருவர் சொன்னார்' என்று எழுதினால், பெரும்பாலும் பெயரைச் சொல்ல விரும்பவில்லை என்று பொருள். 'நண்பா' என்று நேரில் கூப்பிட்டால் மேடைப் பேச்சு போல இருக்கிறது, அல்லது பெயர் தெரியாத ஒருவரைக் கூப்பிடுவது போல இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நட்புச் சொற்களில் கூப்பிடும் சொற்கள் வேறு, குறிப்பிடும் சொற்கள் வேறு. 'ப்ரோ' கூப்பிடுவதற்கு. 'சேக்காளி' குறிப்பிடுவதற்கு, 'சேக்காளி, இங்க வா' என்று யாரும் கூப்பிடுவதில்லை. 'மச்சான்' இரண்டுக்கும் பொருந்தும். அது இவ்வளவு ஓங்கி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நண்பனை ஏன் மச்சான் என்கிறோம்? அது உறவுமுறைச் சொல் ஆயிற்றே?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

மச்சான் என்றால் மாமன் மகன், அத்தை மகன், மனைவியின் உடன்பிறந்தவன், அக்காள் தங்கையின் கணவன். தமிழ் உறவுமுறையில் பெரிய பிரிவுகள் இரண்டு. ஒன்று அண்ணன், தம்பி, பெரியப்பா, சித்தப்பா என்று போகும் பங்காளி முறை. மற்றொன்று கொள்வினை கொடுப்பினை உள்ள மாமன் மச்சான் முறை. முதல் பிரிவில் பாசத்தோடு ஓர் அடக்கமும் இருக்கும். இரண்டாவது பிரிவில்தான் கேலிக்கு அனுமதி. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் நடையையும் மீசையையும் சொல்லி ஊர் சிரிக்க ஓட்டுவது மச்சினன்மார் வேலை. அதே பேச்சைச் சித்தப்பா பேசினால் வீடு அமைதியாகிவிடும்.

நண்பனிடம் நாம் எதிர்பார்ப்பதும் அந்தக் கேலி உரிமைதான். திட்டலாம், ஓட்டலாம், கேட்காமல் அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சண்டை வந்தாலும் உறவு முறியாது. இத்தனையும் ஏற்கெனவே ஒரே சொல்லுக்குள் இருந்தது. நட்பு அதை எடுத்துக்கொண்டது.

சரி, அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டால் என்ன? அங்கே வயது வந்து நிற்கும். பேச்சுத் தமிழில் அண்ணன் உண்டு, தம்பி உண்டு. மூத்தவன் இளையவன் என்று பிரிக்காமல் கூப்பிட ஒரு சொல் இல்லை. சகோதரா என்பது மேடைக்கும் கடிதத்துக்கும் உரியது. மச்சான் அப்படியில்லை. இருவரும் ஒருவரையொருவர் அதே சொல்லால் கூப்பிட்டுக்கொள்ளலாம். கூப்பிட்டதும் இருவரும் சமம்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இந்தச் சொல்மேல் உள்ள மரியாதை அதனால் வந்ததுதான். உறவுமுறை பிறப்பால் வருவது. அதைச் சாதியும் மதமும் வேலி போட்டு வைத்திருக்கின்றன. கல்லூரி விடுதியில் அறை ஒதுக்கப்பட்ட முதல் வாரத்திலேயே, யார் என்ன என்று கேட்காமல் நான்கு பேர் ஒருவருக்கொருவர் மச்சான் ஆகிவிடுகிறார்கள். ஊரில் பெண் கொடுத்து எடுக்காத குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே மாமன் மச்சானாகத் திரிகிறார்கள். பேசுகிறவர்கள் அதை நினைத்துச் சொல்வதில்லை. இருந்தாலும் அது நடக்கிறது.

தமிழோடு இந்தச் சொல் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் சிங்கள இளைஞர்களும் நண்பனை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'மச்சா' என்பது தமிழர் அல்லாதவர் வாயிலும் வரும்.

மச்சான், மச்சி, மாப்ள, மாமா எல்லாம் ஒன்றுதானா?

பொருள் ஏறக்குறைய ஒன்று, தொனி வேறு. மச்சி என்பது மச்சானின் செல்லச் சுருக்கம். அதில் நகரத்து, கல்லூரித் தொனி தூக்கலாக இருக்கும். சில குடும்பங்களில் மனைவியின் தங்கையை மச்சி என்பார்கள். அந்த வீட்டுப் பெரியவர் முன்னால் நண்பனை 'மச்சி' என்றால் அவர் ஒரு நிமிடம் குழம்பிப் போவார்.

மாப்ள மதுரையிலும் அதற்குத் தெற்கிலும் வலுவாகப் புழங்கும் சொல். வயதில் சற்று மூத்தவரும் இளையவனைப் பிரியமாக 'என்ன மாப்ள' என்பதுண்டு. மாமா, மாமு, மாமே ஆகியவை சென்னைப் பேச்சில் நன்றாகக் கேட்கும். மாமா விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. 'மாமா வேலை' என்பதற்கு மிக மோசமான ஒரு பொருள் உண்டு. அதனால் அதிகம் பழகாதவரை மாமா என்று கூப்பிட்டால், சில இடங்களில் சண்டையில் முடியும்.

ஒரே பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நண்பர்கள் பிறகு ஒருவரையொருவர் 'சகல' என்று ஓட்டிக்கொள்வதும் இந்த வரிசையில் சேரும்.

மச்சான் என்று கூப்பிட்டால் சிலர் கோபித்துக்கொள்கிறார்களே?

'எப்படா உனக்கு என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தேன்?' என்று திருப்பிக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உறவுப் பொருள் இன்னும் உயிரோடு இருப்பதால்தான் அந்தச் சொல் அவரை உறுத்துகிறது. பழக்கம் ஆழமாவதற்கு முன் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதே இதற்குப் பதில்.

பங்காளி நண்பனா, எதிரியா?

இரண்டும். சொத்தில் பங்கு உள்ளவன் பங்காளி. பங்கு இருக்கும் இடத்தில் வழக்கும் இருக்கும், அதனால்தான் 'பங்காளிச் சண்டை' என்று தனியாகச் சொல்கிறோம். ஆனால் நண்பனை 'வா பங்காளி' என்று கூப்பிடும்போது அந்தச் சண்டைப் பொருள் காணாமல் போகிறது. உனக்கும் எனக்கும் இருப்பதெல்லாம் பொது என்ற பொருள் மட்டும் மிஞ்சுகிறது. மச்சானைவிடக் கொஞ்சம் கனமான சொல் இது. வம்பு வழக்கு என்றால் கூட நிற்பவன் என்ற அர்த்தம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சேக்காளி, கூட்டாளி, மக்கா: இவை எந்த ஊர்ச் சொற்கள்?

சேக்காளி திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சில் நிறைய வரும். சேர்ந்து திரிபவன் என்பதுதான் அதன் சாரம். 'அவனும் என் சேக்காளிதான்' என்று ஒருவர் சொன்னால், சின்ன வயதிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் அறிமுகமானவரை யாரும் சேக்காளி என்று சொல்ல மாட்டார்கள்.

மக்கா கன்னியாகுமரி, நெல்லைப் பக்கம். பிள்ளைகளைக் கூப்பிடும் வாஞ்சை அதில் இருக்கிறது. 'என்ன மக்கா, எப்படி இருக்க?' என்பதில் வயது வேறுபாடே தெரியாது. ஆண், பெண் இருவரையும் அப்படிக் கூப்பிடலாம். நட்புச் சொற்களில் இப்படி ஒரு விரிவு உள்ளவை குறைவு.

கூட்டாளியின் கதைதான் விசித்திரம். இலங்கையிலும் தென்மாவட்டங்களின் பல ஊர்களிலும் அது இன்றும் அன்பான சொல். 'என்ட கூட்டாளி' என்றால் உற்ற நண்பன். வணிகத்தில் அது பங்குதாரர். செய்தித்தாளைத் திறந்தால், 'பிரபல ரவுடியும் அவனது கூட்டாளிகள் மூன்று பேரும் கைது' என்று இருக்கிறது. கூட்டாளி என்றதும் கைவிலங்கு நினைவுக்கு வரும்படி குற்றச்செய்திகள் அந்தச் சொல்லைப் பழக்கிவிட்டன. எழுதும்போது இடம் பார்த்துப் பயன்படுத்துங்கள், ஆனால் கைவிட்டுவிடாதீர்கள். கூட்டுச் சேர்ந்தவன் என்று இவ்வளவு நேராகப் பொருள் சொல்லும் சொல் வேறு இல்லை.

இலங்கைத் தமிழில் சிநேகிதன், சிநேகிதி இரண்டும் அன்றாடப் பேச்சில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அவை பெரியவர்கள் வாயில் மட்டும் தங்கிவிட்டன. நண்பி என்பதும் இலங்கையில் இயல்பாகக் கேட்கும் சொல். இங்கே அதற்குப் பதில் தோழி.

ஜிகிரி தோஸ்த் என்றால் என்ன?

தோஸ்த் என்பது பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல், நண்பன் என்று பொருள். ஜிகர் என்றால் கல்லீரல். நாம் 'உயிர் நண்பன்' என்று சொல்லும் இடத்தில் அவர்கள் ஈரலைச் சொல்கிறார்கள். சென்னைப் பேச்சில் 'நம்ம தோஸ்த்து' ஆகி நன்றாகவே ஊறிவிட்டது. நெருக்கத்தில் இதற்கு இணையான தமிழ் வழக்கு 'நகமும் சதையும்'.

பெண்களின் நட்புக்கு வழக்குச் சொற்கள் இல்லையா?

இருக்கின்றன, ஆனால் குறைவு. மச்சான், மாப்ள, பங்காளி, தோஸ்த், தல என்று ஒரு வரிசையே ஆண்களுக்காக உருவாகியிருக்கிறது. தெருமுனையில், பேருந்து நிறுத்தத்தில், விளையாட்டுத் திடலில் கூட்டமாக நிற்கும் சுதந்திரம் யாருக்கு இருந்ததோ, அவர்களுடைய வாயில்தான் இந்தச் சொற்கள் பிறந்தன. பெண்களின் நட்பு ஆழத்தில் குறைந்தது என்று இதற்குப் பொருள் அல்ல. சங்க அகப்பாடல்களில் தலைவிக்காகப் பேசுவதும், கண்டிப்பதும், வழி சொல்வதும் தோழிதான். தலைவனின் நண்பனான பாங்கனுக்கு அங்கே கிடைக்கும் இடம் அவளுடையதில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

இன்று கல்லூரிப் பெண்கள் ஒருவரையொருவர் மச்சி என்கிறார்கள், செல்லம் என்கிறார்கள், 'வாடி போடி' என்கிறார்கள். நெருக்கமான தோழியை 'டா' போட்டு, 'சாப்டியாடா?' என்று கேட்பதும் சகஜம். ஆண்பாலுக்குரிய 'டா' அங்கே கொஞ்சலாகிவிடுகிறது. பெண்கள் மச்சி என்று சொல்லக் கூடாது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சமமாகக் கூப்பிட்டுக்கொள்ள ஒரு சொல் வேண்டியிருந்தது, கையருகே இருந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

பெஸ்டி என்றால் ஏன் எல்லோரும் கேலி செய்கிறார்கள்?

ஆங்கிலத்தில் அது வெறும் நெருங்கிய நண்பர். தமிழ் இணையப் பேச்சுக்கு வந்ததும் பொருள் சுருங்கி, ஒரு பெண்ணுக்கு நெருக்கமான, ஆனால் காதலன் அல்லாத ஆண் நண்பன் என்று ஆகிவிட்டது. அதைச் சுற்றி மீம்கள் குவிந்தன. காதலனுக்கு எரிச்சல் மூட்டுபவன், உள்ளே வேறு எண்ணம் வைத்திருப்பவன் என்று ஒரு படம் உருவானது.

எனக்கு இந்தக் கேலி பிடிக்காது. ஆணும் பெண்ணும் நண்பர்களாக இருக்கவே முடியாது என்ற பழைய சந்தேகம்தான் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது. அவரவர் பிள்ளைகள் இப்படிச் சொல்லிக்கொண்டால் ஏளனம் செய்யாமல் விட்டுவிடுங்கள். அந்தச் சொல்லில் அவர்கள் ஒளித்து வைப்பதற்கு ஒன்றுமில்லை. பெரியவர்கள்தான் அதற்குள் எதையோ தேடுகிறார்கள்.

ப்ரோ, ஜி, பாஸ், தல: இவர்கள் எல்லாம் நண்பர்களா?

பெரும்பாலும் இல்லை. 'ப்ரோ, கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று பேருந்தில் சொல்பவர் உங்கள் நண்பர் அல்ல. சார் என்றால் தூரம், அண்ணே என்றால் வயது, டேய் என்றால் சண்டை. மூன்றும் வேண்டாம் என்ற இடத்தில் ப்ரோ வந்து நின்றது. முன்பு அந்த இடத்தில் 'பாஸ்' இருந்தது. 'ஜி' இந்தியிலிருந்து வந்த மரியாதை ஒட்டு. அலுவலகங்களில் பெயருக்குப் பின்னும் வரும், தனியாகவும் வரும். 'தல' மட்டும் கொஞ்சம் வேறு. கூட்டத்தில் முன்னால் நிற்பவன் மீதுள்ள பிரியமும் அதில் கலந்திருக்கிறது.

ஓர் அடையாளம் சொல்கிறேன். ப்ரோ என்பவரோடு 'வாங்க, போங்க' போட்டுப் பேசலாம். மச்சான் என்று கூப்பிட்டுவிட்டு 'வாங்க' என்று சொல்வது நண்பர்களுக்குள் நடக்காது. எப்போது ப்ரோ போய் மச்சான் வருகிறதோ, அப்போதுதான் நட்பு தொடங்கியிருக்கிறது.

தோழர் என்ற சொல் எங்கே பொருந்தும்?

பொதுவுடைமை இயக்கத்தவரும் தொழிற்சங்கத்தவரும் ஒருவரையொருவர் தோழர் என்கிறார்கள். ஐரோப்பா, சோவியத் ஒன்றியம் என்று பயணம் போய்விட்டு 1932இல் திரும்பிய பெரியார், ஸ்ரீ, திருவாளர் போன்ற அடைமொழிகளை விட்டுத் தோழர் என்றே அழைத்துக்கொள்ளச் சொன்னார். அதில் இருப்பது கொள்கை நெருக்கம். எழுபது வயதுக்காரரையும் இருபது வயதுப் பெண்ணையும் அதே சொல்லால் அழைக்கலாம், யாருக்கும் மரியாதை குறையாது. உறவுமுறையைத் தொடாமலே சமத்துவம் தரும் சொல் இது. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே ஒருவரைத் தோழர் என்றால், உங்கள் அரசியலைச் சொல்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நல்ல நண்பர்கள் அல்லாதவர்களுக்கு என்ன பெயர்கள்?

இங்கே தமிழ் தாராளமாக இருக்கிறது. சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவன் ஜால்ரா. அதிகாரமோ பணமோ உள்ளவனுக்குப் பரிந்துகொண்டே இருப்பவன் சொம்பு. அந்த வேலைக்குப் பெயர் சொம்பு தூக்குதல். கூடவே திரிந்து ஏவல் செய்பவன் அல்லக்கை. இவர்களெல்லாம் நண்பன் என்ற பெயரில்தான் உலவுகிறார்கள்.

பெயர்களைவிட இங்கே வினைச்சொற்கள்தான் கூர்மை. தேவை முடிந்ததும் ஒதுக்குவது கழட்டி விடுவது. நாம் செய்யாததில் நம்மைச் சிக்க வைப்பது கோத்து விடுவது. ரகசியத்தை உரியவரிடம் போய்ச் சொல்வது போட்டுக் கொடுப்பது. இம்மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் பெரியது. நண்பன் சிரித்துக்கொண்டே கோத்து விடலாம். வாத்தியாரிடம் 'இவன்தான் சார் ஐடியா கொடுத்தான்' என்று கைகாட்டிவிட்டு ஓடுவதை யாரும் துரோகம் என்று சொல்வதில்லை. போட்டுக் கொடுப்பதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. விளையாட்டு எங்கே முடிகிறது என்பதை இந்தச் சொற்களைப் புழங்குபவர்கள் தெளிவாகவே அறிவார்கள்.

கரடி என்று யாரைச் சொல்கிறார்கள்?

இரண்டு பேர் தனியாகப் பேசும் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் மூன்றாவது ஆள். 'சிவபூஜையில் கரடி புகுந்த மாதிரி' என்ற வழக்கிலிருந்து கரடி மட்டும் தனியாக வந்துவிட்டது. சில பேர் நந்தி என்பார்கள்.

நேரில் பார்க்காமல் பழகுபவரை என்னவென்று சொல்வது?

பேச்சில் இதற்குச் சொல் இன்னும் உருவாகவில்லை. 'ஃபேஸ்புக் ஃப்ரண்டு', 'ஆன்லைன்ல பழக்கம்' என்று ஊடகத்தின் பெயரைச் சேர்த்துத்தான் சொல்கிறோம். அந்தத் தயக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். கோப்பெருஞ்சோழனும் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பார்க்காமலே நண்பர்களாக இருந்ததைப் புறநானூறு சொல்கிறது. சோழன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து உயிர்விடத் துணிந்தபோது, தன் நண்பன் வருவான் என்று பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்னான். பிசிராந்தையாரும் வந்து சேர்ந்தார். அப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டு, பார்க்காத நட்பைச் 'சும்மா ஆன்லைன்' என்று தள்ளுவது நியாயமில்லை.

குழந்தைகள் 'கா' விடுவது, 'பழம்' விடுவது எதற்காக?

நட்பை முறிப்பதற்கும் மறுபடி சேர்வதற்கும் அவர்கள் வைத்திருக்கும் முறை அது. 'உன் பேச்சு கா' என்றால் இனி பேச மாட்டேன். பழம் என்றால் சமாதானம். விரலால் காட்டும் அடையாளம் ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் 'டூ' விட்டுவிட்டு, 'சேத்தி' என்று சேர்ந்துகொள்வார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, முறிவை முகத்துக்கு நேராக அறிவிக்க வேண்டும் என்பதுதான். சொல்லாமல் விலகினால் அது கா ஆகாது. கா விட்டவனே பழம் விடவும் வர வேண்டும், அல்லது எதிராளி நீட்டிய விரலைத் தொட வேண்டும். அதுவரை மற்ற பிள்ளைகள் தூது போவார்கள். பெரியவர்களான பிறகு இப்படி ஒரு வழி நம்மிடம் இல்லை. பதில் போடுவதை நிறுத்திவிடுகிறோம், எதிரில் இருப்பவர் தானாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வாடா போடா என்று எப்போது தொடங்கலாம்?

இதற்கு நாள் கணக்கு கிடையாது. ஒருவர் 'டா' போட்டு மற்றவர் அதைத் திருப்பிப் போட்டால் ஆயிற்று. திருப்பிப் போடாமல் 'ங்க' என்றே பேசிக்கொண்டிருந்தால், அவர் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். ஒரு பக்கமாக மட்டும் போகும் 'டா' நட்பு அல்ல, அதிகாரம். முதலாளி தொழிலாளியை 'டா' போடுவதும் நண்பன் 'டா' போடுவதும் ஒரே எழுத்துதான். திரும்பி வருகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

உரிமை பற்றி வள்ளுவர் நிறையச் சொல்லியிருக்கிறார். நட்பைப் பற்றி 79 முதல் 83 வரை 5 அதிகாரங்கள் வைத்து, அவற்றில் 81ஆவதான பழைமையை முழுக்க இதற்கே கொடுத்தார். நெடுநாள் நண்பர் கேட்காமலே உரிமையோடு ஒன்றைச் செய்துவிட்டால் அதை விரும்பி ஏற்பார்கள் என்கிறது 804ஆவது குறள். கேட்காமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகும் மச்சானுக்கு அந்தக் குறள் பொருந்தும்.

தமிழ் புதிதாகப் பேசக் கற்பவர் எந்தச் சொல்லில் தொடங்கலாம்?

அறிமுகம் இல்லாதவரிடம் ப்ரோ, அல்லது வயது பார்த்து அண்ணா, அக்கா. உடன் வேலை செய்பவரிடம் பெயரோடு 'ங்க' சேர்த்துப் பேசுங்கள். மச்சான், மாப்ள, பங்காளி எதையும் நீங்களாக முதலில் சொல்ல வேண்டாம். அவர்கள் உங்களை அப்படிக் கூப்பிட்ட பிறகு நீங்களும் கூப்பிடலாம். அந்த ஊரில் எந்தச் சொல் புழங்குகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் மக்கா, மதுரையில் மாப்ள. உச்சரிப்பு கொஞ்சம் தவறினாலும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.